இரண்டு மில்லி மிச்சம்

"இது குளிக்கிற சோப்பு. தர மாட்டேன்," என்றாள் அக்கா. சொல்லிக்கொண்டே தந்தும்விட்டாள்.

அக்காவின் கணவரான மாமா சக்கர நாற்காலியிலிருந்து குனிந்து, அலுமினியத் தகட்டின் மேல் அந்தக் கட்டியைக் கோடு போட்டது போல அழுத்தித் தேய்த்தார்.

தம்பி பெருமூச்சு விட்டான். அவன் தச்சுவேலைக்காரன். மரம் அறுக்கும் மின்ரம்பத்தால், பத்து மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத்தில் பள்ளம் போடச் சொன்னால் யாருக்குத்தான் கடுப்பு வராது?

பல்லில் அலுமினியம் ஒட்டாமலிருக்க ரம்பத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் தேய்த்து ஒருவழியாகப் போட்டு முடித்திருந்தான். மேல்பக்கம் ஒரு பள்ளம், தகட்டைத் திருப்பிக் கீழ்ப்பக்கம் ஒன்று. இரண்டும் எட்டு மில்லி ஆழம். மிச்சம் இரண்டு மில்லி.

அந்த இரண்டு மில்லி ஒழுங்காக வளைந்தால், நாற்காலி ஏற ஒரு சரிவு கிடைக்கும். உடைந்தால் பழைய இரும்புக் கடைக்குத்தான். வேறு தகடு கிடையாது.

கடுப்புக்கு உண்மையான காரணம் வேறு. வீட்டு வாசலில் ஏற்கெனவே ஒரு சரிவுப் பலகை கிடக்கிறது. விபத்துக்குப் பிறகு அவனே பார்த்துப் பார்த்து இழைத்துப் போட்டது. அதில் மாமா என்ன குறை கண்டார்?

கேட்க வாய் வரவில்லை. "வாயைத் திறந்து பேசுறாருடா, என்ன கேட்டாலும் எடுத்துட்டு வா," என்று விடிந்ததும் அக்கா போன் செய்திருந்தாள்.

நடுரோட்டில் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வீடு வந்த நாளிலிருந்து, 'உம்', 'வேணாம்' தவிர மாமா பேசியதில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவார். டிவி போட்டால் பார்ப்பார். இன்றைக்குத்தான் கட்டிலுக்கு அடியில் எப்போதோ போட்டுவைத்த தகட்டைக் காட்டி, ரம்பம் வேண்டும் என்றிருக்கிறார்.

தகடு உடைந்தால் அந்த வாயும் மூடிக்கொள்ளும். தம்பி பயந்தது அதற்குத்தான்.

தெருமுனைப் பட்டறையில் உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் மெஷின் இருக்கிறது. வருஷக்கணக்காக மாமா ஓட்டிய மெஷின். அங்கே கொடுத்தால் என்ன என்று கேட்டதற்கு, "அங்க வேணாம்" என்பதோடு பேச்சு முடிந்துபோனது. வாசல்படியின் உயரத்தையும் மாமா நாலு விரல் கூட்டிச் சொன்னார். சரிபார்க்க டேப்பை எடுத்த தம்பி, அவர் முறைத்த முறைப்பில் சத்தமில்லாமல் உள்ளே வைத்துவிட்டான்.

சுட்டு ஆறவிட்டால் அலுமினியம் உடையாமல் வளையும் என்று கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தார்கள். இரும்பு என்றால் சூட்டில் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் அழுத்தக்காரி, சொல்லாமல் கொள்ளாமல் உருகிவிடும். காட்டிக்கொடுப்பது சோப்புதான். வெள்ளைக் கோடு பழுப்பானது, பிறகு கருத்தது.

"போதும், எடு!" என்றார் மாமா.

ஆறியதும் தகட்டை இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே இறுக்கினார்கள். முதல் வளைவு சமர்த்தாக வந்துவிட்டது. இரண்டாவதற்கு மாமா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் அழுத்தினார்கள்.

டிக்.

அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மாமாவின் முகத்தில் ரத்தம் இல்லை.

தம்பி குனிந்து பார்த்தான். இன்னும் நன்றாகக் குனிந்து பார்த்தான். பள்ளத்தின் இரு சுவர்களும் நெருங்கி நின்றன. தகடு முழுசாக இருந்தது. விரிசல் விட்டிருந்தது அவனுடைய தேக்குச் சட்டம்.

"சட்டம்தான் போச்சு! சட்டம்தான்!" என்று கத்தினான். சொந்த மரம் பிளந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட தச்சன் வேறு எங்கேயும் இருக்க மாட்டான். அக்கா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

போன உயிர் திரும்பி வந்ததும், தம்பி வாசலுக்குப் போய்த் தன் பலகையைப் பெயர்க்க ஆரம்பித்தான்.

"அதை ஏன் பிடுங்குற மாப்ள? நல்லாத்தானே இருக்கு," என்றார் மாமா. "தகட்டைத் தூக்கு. தெருமுனை வரைக்கும் போகணும்."

பட்டறை வாசலில் ஒரே ஒரு படி. வீட்டுப் படியைவிட நாலு விரல் உயரம். தகட்டைப் போட்டார்கள். அதன் வளைந்த மேல்விளிம்பு படியில் அச்சாகப் படிந்தது. காலமெல்லாம் ஏறி இறங்கிய படியை அவர் அளக்கவா வேண்டும்?

வேலைக்கு வரச் சொல்லிப் பட்டறை முதலாளி இரண்டு தடவை ஆள் அனுப்பியிருந்தார். தினமும் இரண்டு பேர் உள்ளே தூக்கி வைப்பார்கள், கவலை வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். மாமா போகவில்லை. அது அக்காவுக்கு மட்டும் தெரியும்.

இன்று தள்ளிவிட வந்த முதலாளியின் கையை மாமா விலக்கினார். இரண்டு சக்கரத்தையும் பிடித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே தம்மில் ஏறி உள்ளே போனார்.

தூசி படிந்து கிடந்த மெஷினை உள்ளங்கையால் துடைத்தார்.

"அந்தப் பள்ளம் இதுல பத்து நிமிஷ வேலை, மாப்ள," என்றார். "ஆனா உள்ள வரணுமே."

சுவிட்சைப் போட்டார்.

"நாளையிலேருந்து மத்தியானச் சாப்பாடு கட்டணுமா?" என்று அக்கா வாசலில் நின்று கேட்டாள். மெஷின் சத்தத்தில் அவர் காதில் அது விழவில்லை. அவள் தகட்டின் மேல் நடந்து உள்ளே போய், இன்னொரு தடவை கேட்டாள்.