எண்பத்தோராவது மீன்

“எண்பத்தொன்னாவது மீனுக்கு அஞ்சு வாலுங்க சார்,” என்றாள் அனுப்ரியா.

ஆறுமுகசாமி டீ டம்ளரைக் கீழே வைத்தார். தன் சாயப்பட்டறைத் தொட்டியில் அவர் விட்டதே மொத்தம் நாற்பது மீன்தான்.

சுத்தம் செய்து தொட்டியில் விட்ட சாயத் தண்ணீரில் மீன் உயிரோடு நீந்துவதைத் தன் ஊரில் உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டும் என்று துணி வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டிருந்தான். பார்க்க முடியாவிட்டால் ஆர்டர் கிடையாது.

அவன் நேரில் வரும்போதெல்லாம் ஆறுமுகசாமி இன்னொரு வித்தையும் காட்டுவார். வாட்ச்மேன் வீரணன் தொட்டியடிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வருவார். பையர் கண்ணெதிரே ஆறுமுகசாமி அதை மடமடவென்று குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொள்வார்.

அதற்கும் மேல்தான் தொட்டிக்குள் வைத்த இந்தக் கேமரா. துணியில் ஓட்டை கண்டுபிடிக்கிற கம்ப்யூட்டருக்குத் தண்ணீருக்குள் மீன் பார்க்கக் கற்றுக்கொடுத்தவள் அனுப்ரியா. முதல் நாள் அது மீனையெல்லாம் எண்ணெய்க் கறை என்று சொல்லித் தொட்டியையே ரிஜெக்ட் செய்தது. இப்போது தேறிவிட்டது. செதிலையும் புள்ளியையும் பார்த்து, ஒவ்வொரு மீனுக்கும் ஒரு நம்பர் போட்டுவிடும்.

“எப்பப் பாத்தாலும் நாப்பதுதானுங்க இருக்குது. ஆனா காலைல இருக்கறது வேற நாப்பது, மத்தியானத்துக்கு மேல வேற நாப்பது. நடுவுல இந்த அஞ்சு வால் வந்துட்டு வந்துட்டுப் போகுதுங்க.”

படத்தைப் பெரிதாக்கினாள். அஞ்சு வாலிலும் நகம் இருந்தது. மணிக்கட்டில் ஒரு செப்புக் காப்பு.

வீரணனின் காப்பு.

ஆறுமுகசாமிக்குப் புரிந்துவிட்டது. போன முறை பட்டறையைச் சோதிக்க ஆடிட் வந்தபோது, தீயணைக்கும் சிலிண்டரைப் பக்கத்துப் பட்டறையில் இரவல் வாங்கி மாட்டியவரே அவர்தான். எந்தத் திருட்டு எந்த வழியில் போகும் என்று அவருக்கா தெரியாது?

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டுக்கு நடந்தார்.

“ஏனுங்க வீரணன், என்ற மீனை எந்தப் பட்டறை ஆடிட்டுக்கு வாடகைக்கு உடறீங்க?”

உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்து ஆறு வருஷமாக அந்த கேட்டில் நிற்பவர் வீரணன். எழுந்து நின்றார். பின்பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

அது போதாதா? ஆறுமுகசாமி பொரிந்து தள்ளினார். பத்து வயதில் பனியன் மூட்டை சுமந்து மேலே வந்தவன் தலையிலேயே மிளகாய் அரைப்பதா என்றார். போலீஸ் வேண்டாம், பொழுது சாய்வதற்குள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேரச் சொன்னார்.

எல்லாம் ‘ங்க’ போட்டுத்தான்.

முடிந்ததும் வீரணன், “ஒரு நிமிசம் பின்னாடி வாங்க மொதலாளி,” என்றார்.

செக்யூரிட்டி ரூமுக்குப் பின்னால் நீல டிரம் இரண்டு. நிறைய குழாய்த் தண்ணீர். உள்ளே நாற்பது மீன்கள், வேலை முடிந்து வந்தவர்கள் மாதிரி அசையாமல் கிடந்தன.

“இதுக காலை ஷிப்டு,” என்றார் வீரணன்.

ஆறுமுகசாமி டிரம்மையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நம்ம தொட்டியில ஒரு ஷிப்டுக்கு மேல தாங்க மாட்டேங்குதுக. மல்லாந்துருதுக. அந்தாளு பாத்தா ஆர்டர் போயிரும், இருநூறு பேரு வேலை போயிரும். அதான் அமராவதி அணைக்குப் போயி இன்னொரு நாப்பது வாங்கியாந்து மாத்தி விடுறேன். பொழுது சாஞ்சா கேமராவுக்குக் கண்ணு தெரியாது. எல்லாத்துக்கும் ஓய்வு.”

பின்னாலேயே வந்திருந்த அனுப்ரியா சிரிப்பை அடக்கத் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆறுமுகசாமி தோற்றுப் பழகாதவர். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

“மீனு சீக்கு மீனா இருக்கும். என்ற தண்ணியக் குறை சொல்லாதீங்க. பையர் வந்தப்பல்லாம் நானே குடிச்சனே, மூணு டம்ளர். நீங்கதான மொண்டு குடுத்தீங்க? எனக்கு என்ன ஆச்சு?”

வீரணன் தலையைச் சொறிந்தார்.

“அந்த மூணு டம்ளரும் எங்க வீட்டுல காய்ச்சி ஆறவச்சுக் கொண்டாந்த தண்ணி மொதலாளி. மீனுக்கு ஷிப்டு மாத்த வேற மீனு கெடைக்கும். உங்களுக்கு மாத்து ஆள் கெடைக்காதுல்ல?”