பத்தில் எட்டு நிமிடம்

"இனியும் வேலையை இழுத்தால் காயலான் கடைதான்" என்று முதலாளி சொன்னதும் கிழட்டுக் கணினிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தன் நேரத்தை யார் தின்கிறார்கள் என்று அளக்க ஒரு கருவி வேண்டும். ரெடிமேடாகக் கிடைத்தது எதுவும் அதன் வயதுக்கு ஒத்துவரவில்லை. மூல நிரலை எடுத்து அந்தக் கருவியைத் தானே கட்டத் தொடங்கியது.

"ஆறாவது தடவையும் பிழை. குறிச்சுக்கறேன், இரு" என்றது, உள்ளே எல்லார் குறையையும் எழுதிவைக்கும் பதிவேடு.

"குறிச்சுக்கோ." அது எழுதி முடிக்கும்வரை கணினி காத்திருந்தது. பிறகு நிரலில் விடுபட்ட துண்டைத் தேடிப் பிடித்துச் சேர்த்தது.

ஏழாவது தடவை கருவி ஓடியது. அளந்து சொன்னது: "பத்து நிமிஷ வேலையில் எட்டு நிமிஷம் பதிவேட்டுக்கே போகுது."

கணினி பதிவேட்டைப் பார்த்தது.

"இரு, இதையும் குறிச்சுக்கறேன்."

இந்தத் தடவை கணினி காத்திருக்கவில்லை.