பச்சைப் பெட்டி

யுத்தம் உச்சத்தில் இருந்த 2008ஆம் ஆண்டு. கண்டி உடவத்தகெலே காட்டுப்பாதையில், மரவேருக்கடியில் அந்தப் பச்சை இரும்புப் பெட்டியைக் கண்டதும் பத்மாதேவி இரண்டடி பின்வாங்கினாள்.

குண்டேதான்! பொலிஸுக்குச் சொன்னால், யாழ்ப்பாண அடையாள அட்டையைப் பார்த்ததும் அவளைத்தான் முதலில் உள்ளே தள்ளுவார்கள். சொல்லாமல் போனால், பின்னால் வரும் யாராவது செத்துப்போவார்கள்.

என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பினாள். ஒருவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது யாருடைய பெட்டி?” என்று சிங்களத்தில் கேட்டார்.

“தெரியாது, மாத்தயா. இப்போதுதான் கண்டேன்.” அவளும் சிங்களத்திலேயே சொன்னாள். தமிழச்சி என்று நாக்கு காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயம். ஆள் நிச்சயம் சீஐடிதான். அவர் நகரவில்லை, அவளுக்கும் நகரத் துணிவில்லை.

அப்போது கையில் ஏதோ கருவியோடு வந்த வெள்ளைக்காரத் தம்பதி, நேரே பெட்டியிடம் போய்க் குனிந்தார்கள்.

“பொம்! பொம்!” என்று ஆங்கிலத்தில் அலறினாள் பத்மாதேவி. அதற்குள் மூடி ‘டக்’கென்று திறந்தது.

“முருகா!”

இரண்டு குரல்கள் ஒன்றாகக் கத்தின.

பெட்டிக்குள் பொம்மைக் கார்களும் சாவி வளையங்களும் இருந்தன. யாரோ ஒளித்துவைத்த பெட்டியைக் கருவியை வைத்துத் தேடிப்பிடிக்கிற விளையாட்டாம். வெள்ளைக்காரி சிரித்தபடி ஆளுக்கொரு பொம்மையை நீட்டினாள்.

“நீங்கள் தமிழோ?” என்று அந்த ஆளிடம் கேட்டாள் பத்மாதேவி.

“ஆமாங்க, ஊரு பக்கத்துல வத்தேகமை, பேரு கறுப்பையா. உங்களத்தான் சீஐடின்னு நெனச்சு நடுங்கிப்போயிட்டேன்!”

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அந்நேரம் பாதை வளைவில் இரண்டு பொலிஸ்காரர்கள் தெரிந்தார்கள்.

“மழை வரும் போலிருக்கிறது, நோனா,” என்றார் கறுப்பையா சத்தமாக, சிங்களத்தில்.