மறக்காத இடம்

“ஏய்யா, நான் யாருன்னு தெரியுதா?”

ஒச்சு விழித்தார். ஞாபகம் தப்பி ஆறு மாதமாகிறது.

“ஒம் பேராச்சும் தெரியுதா?” மனைவி விருமாயி கேட்டாள்.

அதற்கும் விழித்தார். ஆனால் பொழுது சாய்ந்ததும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

“வீரபாண்டிக் கோயில்ல தாலி கட்டுனவள மறந்துட்டு, அங்கன போக மட்டும் வழி தெரியுதோ?” விருமாயி கத்திக்கொண்டே பின்னால் ஓடினாள்.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒச்சு கைகட்டிக் குனிந்து நின்றார்.

“ஒச்சு ஆஜர், எசமான்!” கட்டைவிரலை நீட்டினார்.

ஏட்டு சலித்துக்கொண்டார். “குற்றப்பரம்பரைன்னு தெனம் ரேகை வாங்குன கைரேகைச் சட்டத்தை ரத்து பண்ணி ஒரு வருசமாச்சு. இனிமே வர வேண்டாம்னு தெனமும் சொல்றேன். கூட்டிட்டுப் போம்மா.”

விருமாயி ஏட்டை முறைத்தாள்.

“ஒரு திருட்டும் செய்யாத மனுசனை முப்பது வருசம் தெனம் வரவச்சு மண்டையில ஏத்துனீக. காகிதத்துல இருந்ததை ரத்து பண்ணிட்டீக. இந்த மண்டைக்குள்ள இருக்கிறதை எவன் வந்து ரத்து பண்ணுவான்?”