கார்வினின் தோள்பட்டை

"அந்தத் தொப்பிக்காரனைப் பார்த்தியா? கார்வின் பந்து போடுறப்பல்லாம் நோட்டுல எழுதுறான்," என்று கிசுகிசுத்தார் ஹாலிஸ்.

"நியூயார்க் டீம் ஆளுதான். பணத்தைக் காட்டி நம்ம பையனைத் தூக்கிட்டுப் போக வந்திருக்கான்," என்றார் அவர் மனைவி டோரீன்.

ஓஹையோவின் அந்தச் சின்ன பேஸ்பால் மைதானத்தில் பக்கத்து இருக்கையிலிருந்த அந்தத் தொப்பிக்காரர் திரும்பினார்.

"கார்வினைத் தெரியுமா?"

"ரெண்டு வருஷமா எங்க வீட்டு மாடியிலதான் இருக்கான்," என்ற ஹாலிஸ் குரலைத் தாழ்த்தினார். "பாவம், தோள்பட்டை போச்சுங்க. தலை வாரக்கூடக் கை தூக்க முடியல."

"வீட்டுக்கு வந்தா ஐஸ் ஒத்தடம்தான்," என்று ஒத்து ஊதினார் டோரீன்.

தொப்பிக்காரர் நோட்டில் ஏதோ எழுதி மூடினார்.

ஹாலிஸ் மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். "நியூயார்க்குக்கு எப்போ கிளம்புறீங்க?"

"நான் ஏங்க அங்க போறேன்? நான் நம்ம டீம் ஆபீஸ்தான். நியூயார்க்காரங்க நல்ல பேட்டர் ஒருத்தனைத் தர்றாங்க. பதிலுக்குக் கார்வின், இல்லன்னா நம்மகிட்ட பந்து போடுற இன்னொருத்தன் வேணுமாம். கார்வினை விடவே கூடாதுன்னு இருந்தேன். நல்லவேளை சொன்னீங்க, அவனையே அனுப்பிடலாம்."

எழுந்தவர் ஹாலிஸின் காதருகே குனிந்தார்.

"தோள்பட்டை விஷயம் மட்டும் வெளியே தெரியவேண்டாம்."