துணைக்கு ஒரு ஆள்

சேஷன் மறுபடியும் கையைத் தூக்கினார்.

“போயிட்டு வந்துடறேன். வாசு, துணைக்கு வாடா.”

ஆட்டம் சூடு பிடித்திருந்த நேரம். மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எதிரணியில் ஆடிக்கொண்டிருந்த அர்விந்த், “அங்கிள், பேசாம அங்கேயே ஒரு சேர் போட்டுடட்டுமா?” என்று கேட்டான். சிரிப்பு இன்னும் பலமானது.

வாசுதேவன் பந்தை விட்டுவிட்டு நண்பரின் பின்னால் கழிப்பறைப் பக்கம் ஓடினார்.

ஓரமாக வெயிலில் நின்றிருந்த வாசுதேவனின் மகள் இந்துஜாவுக்கு எரிச்சலாக வந்தது.

டெல்லி ஆர்.கே.புரம் பழைய அரசு குவார்ட்டர்ஸ் பையன்களின் அணி அது. பையன்கள் எல்லாருக்கும் அறுபது தாண்டிவிட்டது. துவாரகா, நொய்டா என்று சிதறிப்போனவர்களைத் தேடிப் பிடித்து, இன்றைய காலனி இளைஞர்களோடு ஆட விட்டிருந்தார்கள். வசூல் முழுவதும் புரோஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு. மைதானத்தின் ஒரு மூலையில் கூடாரம் போட்டு டாக்டர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். ஐம்பது தாண்டிய ஆண்கள் அவரிடம் பேசலாம். தேவைப்பட்டால் மறுநாள் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு கொடுப்பார்.

அந்தக் காலத்தில் இங்கே செங்கல்லை அடுக்கி கோல் போஸ்ட் வைத்து ஆடுவார்களாம். மைதானத்துக்குப் பின்னால் ஒரே முள்காடு. இருட்டினால் நரி ஊளையிடும். அதனால், ஒதுங்கப் போகிறவன் தனியாகப் போகக்கூடாது, கூட ஒருத்தன் போக வேண்டும் என்பது அணியின் சட்டம். அப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

இப்போது காடும் இல்லை, நரியும் இல்லை. டைல்ஸ் போட்ட கழிப்பறையே வந்துவிட்டது. சேஷன் மாமா மட்டும் சட்டத்தை விடவில்லை.

இந்துஜாவின் கவலை வேறு. சில மாதங்களாக அப்பா ராத்திரியில் அடிக்கடி எழுந்திருக்கிறார். விளக்குப் போடாமல், சத்தம் வராமல் பாத்ரூம் போய் வருகிறார். நீளமான பயணம் என்றால் ஏதாவது சாக்குச் சொல்லி நின்றுவிடுகிறார். டாக்டர் என்று பேச்செடுத்தாலே, வயசானால் எல்லாருக்கும் இருப்பதுதான் என்று எழுந்து போய்விடுவார். எப்படியாவது அவரை அந்தக் கூடாரத்துக்குள் கூட்டிப் போய்விடு என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

காலையில் இந்துஜா அப்பாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

“கூட ஆடினவா எல்லாரும் பார்க்கறச்சே அங்க போய் நிக்கச் சொல்றயா? இன்னொரு தடவை சொன்னா நான் ஆடவே வரலை.”

அதோடு விட்டுவிட்டாள்.

சேஷனும் அப்பாவும் திரும்பி வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பந்து அழகாக அப்பாவின் காலுக்கு வந்தது. எதிரே கோல்கீப்பரைத் தவிர யாருமில்லை. ஏனோ அப்பா தயங்கி நின்றார். அதே சமயம் சேஷனின் கை உயர்ந்தது.

இரண்டு பேர் குறைந்த அந்த இடைவெளியில் இளைஞர்கள் கோல் போட்டுவிட்டார்கள்.

கேப்டன் ராஜகோபாலனுக்குப் பொறுக்கவில்லை. “மூச்சு வாங்கறதுன்னா நேரா சொல்லேண்டா. ஏன் அவனையும் இழுத்துண்டு போறே?”

“சட்டம்னா சட்டம்” என்றார் சேஷன், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

அந்த ஒரு கோலில்தான் தோற்றார்கள். டீயும் பிரெட் பக்கோடாவும் வந்தன. எல்லாருக்கும் கேலி செய்ய சேஷன்தான் கிடைத்தார். ஸ்கூல் நாளிலிருந்தே அவன் இப்படித்தான், ஆட்டத்தைக் கெடுக்கவே வருவான் என்று பழைய கதைகளை எடுத்துவிட்டார்கள். கூடாரத்துக்கு முதலில் அங்கிளைத்தான் அனுப்ப வேண்டும் என்றான் அர்விந்த்.

“போறேன். எனக்கென்ன வெட்கம்?” என்று சேஷன் எழுந்தார். அப்பாவின் தோளில் கையைப் போட்டார். “டாக்டரைப் பார்த்தா எனக்குப் பேச்சு வராது. நீயும் வந்து உட்காருடா, வாசு.”

அப்பா ஒரு கணம் யோசித்தார். பிறகு போனார்.

வெகுநேரம் கழித்து இருவரும் வெளியே வந்தார்கள். அப்பாவின் கையிலும் ஒரு சீட்டு இருந்தது.

ஆட்டோவில் வரும்போதுதான் இந்துஜா பேச்சுக் கொடுத்தாள். “நீங்க ஜெயிச்சிருக்க வேண்டிய மேட்ச்ப்பா. அவ்வளவு முடியாத மனுஷர் எதுக்கு ஆட வரணும்? அவருக்கு என்னவாம்?”

அப்பா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பழைய குவார்ட்டர்ஸ் இருந்த இடமெல்லாம் இப்போது தகரத் தடுப்பு.

“அவனுக்கு ஒண்ணும் இல்லைம்மா” என்றார். “ஒரு தடவைகூட அவன் பாத்ரூம் உள்ளே வரலை. நான் வர வரைக்கும் வாசல்லயே நின்னுண்டிருந்தான்.”