கண்டுபிடிக்க ஒரு தப்பு

கம்ப்யூட்டர் சென்டர் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் நாற்காலி நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தன் வீட்டுக்குக் கட்டட அனுமதி கேட்டு வந்தவர் மாதிரியே இல்லை. கொடுக்க வந்தவர் மாதிரி இருந்தார்.

பழக்கம் அப்படி. போன வருடம்வரை இந்த ஊர் நகராட்சியில் வீட்டு வரைபடங்களைப் பார்த்து அனுமதி தரும் ஆய்வாளர் அவர்தான்.

காசு வாங்கமாட்டார். ஊரே சொல்லும். அவரும் சொல்வார்.

அவருக்குத் தப்பு வேண்டும். அதுதான் கிம்பளம்.

சிவப்புப் பேனாவின் மூடி திறக்கிற சத்தத்துக்கே எதிரில் நிற்பவர் கையைக் கட்டிக்கொள்வார். மழைநீர்த் தொட்டி விட்டுப்போயிருக்கும். வாசல்படி ரோட்டுக்கு நீண்டிருக்கும். வட்டம் போடுவார். "சரி பண்ணிக் கொண்டாங்க." அன்றைக்கு மத்தியானம் சோறு ஒரு கரண்டி கூடுதலாக இறங்கும்.

பணி நிறைவு விழாவில், ஊருக்கு வீட்டு வரைபடம் போட்டுக்கொடுக்கும் இன்ஜினியர் சென்னியப்பன் மைக்கைப் பிடித்துக்கொண்டு உருகினார்.

"சார் கண்ணுக்குன்னு ஒரு தப்பை நாங்க எப்பவும் வெச்சேதானுங்க அனுப்புவோம். அதைக் கண்டுபிடிச்சாத்தான் சாருக்கு மனசு ஆறும். ஃபைலும் சட்டுனு நகரும்."

மண்டபம் கைதட்டியது. அவரும் தட்டினார். இந்த மரியாதை வேறு யாருக்குக் கிடைக்கும் என்று வீடு வரும்வரை நெகிழ்ந்துகொண்டே வந்தார்.

இப்போது வரைபடம் அனுப்புவது அவர் முறை.

அவர் சொல்லச் சொல்ல, சொன்னதை மட்டும் சென்னியப்பன் வரைந்தார். எதிர்த்து ஒன்றும் கேட்கவில்லை. சாரிடம் கேட்டுப் பழக்கமில்லை. நாலு பக்கமும் சட்டம் சொன்ன இடைவெளி. சமையலறை ஜன்னல்கூட விதி சொன்னதைவிட ஒரு விரற்கடை அகலம்.

அதில் அவரே தெரிந்து ஒரே ஒரு தப்பு வைத்தார்.

சில்லறைத் தப்பு வைப்பது தன் தகுதிக்குக் குறைச்சல். பெரிதாகவே வைத்தார். தன் நாற்காலிக்கு வந்திருக்கும் புது ஆய்வாளர் பார்ப்பார், திகைப்பார், போன் செய்வார். "உங்க ஃபைல்லயே தப்புங்களா சார்?" என்பார். "கண்டுபிடிச்சுட்டியே தம்பி!" என்று சொல்ல வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கூடப் பார்த்துவிட்டார்.

அந்த போன் வந்துவிட்டால் போதும். இத்தனை காலம் தான் பார்த்தது நிஜமான வேலைதான் என்று ஆகிவிடும்.

வட்டம் நின்றது.

"ஆச்சுங்க சார்," என்றாள் கம்ப்யூட்டர் சென்டர் பெண்.

"என்ன குறை போட்டிருக்காங்க?"

"குறையெல்லாம் இல்லீங்க. அனுமதியே வந்துருச்சு."

"அதுக்குள்ள யாரும்மா பாத்தது?"

"யாரும் பாக்கமாட்டாங்க சார். சின்ன வீட்டுக்கு, எல்லாம் சரியா இருக்குன்னு நாமளே உறுதி குடுத்தாப் போதும். நீங்கதான டிக் பண்ணச் சொன்னீங்க?"

"நல்லாப் பாரு. கீழ எங்காச்சும் சின்ன எழுத்துல..."

"சந்தோசமா வீட்டுக்குப் போங்க சார்."

பிரிண்டர் அனுமதியான வரைபடத்தைத் துப்பியது. மூலையில் கட்டம் கட்டமாக ஒரு முத்திரை. பேனா பட்ட தடயமே இல்லை.

வீடு இப்போதைக்கு வாடகை வீடு. ஊருக்கெல்லாம் மாடி கட்ட அனுமதி கொடுத்தவர், கல்யாணமான நாளிலிருந்து கீழ்ப்போர்ஷனில்தான் குடியிருந்தார். மேலே யாராவது நடப்பார்கள். கட்டிலை இழுப்பார்கள். அவர் மனைவி வசந்தாமணி அண்ணாந்து பார்த்துக்கொண்டே குழம்பு தாளிப்பாள். சொந்த வீட்டில் தனக்கு மாடியில் ஓர் அறை வேண்டும், தன் தலைக்கு மேல் ஒருத்தரும் நடக்கக் கூடாது. இவ்வளவு காலத்தில் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

ஹாலில் நின்று தண்ணீர் கேட்டார். வந்தது.

"வந்துருச்சுங்களா?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அவர் ஒருநாளும் வீட்டுக்கு ஃபைல் கொண்டுவந்ததில்லை. வரைபடம் என்ற ஒன்றை இப்போதுதான் பார்க்கிறாள்.

தலைகீழாகப் பிடித்தாள். திருப்பினாள். வாசலில் விரலை வைத்து உள்ளே நுழைந்தாள்.

ஹால். பூஜை அறை. படுக்கை அறை.

மாடி அறையைத் தொட்டாள். கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாள்.

மறுபடி ஹாலுக்கு வந்தாள். சுவரோரமாக ஒரு சுற்று நடந்தாள். வெளியே போய் வீட்டையும் ஒரு சுற்று சுற்றினாள்.

"ஏனுங்க, படிக்கட்டே காணோம். மேல எப்படிங்க போறது?"

அவர் நெஞ்சு விம்மியது.

ஓடிப்போய் சிவப்புப் பேனாவை எடுத்துவந்தார். தன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தார். மூடியைத் திறந்து கையில் கொடுத்தார்.

"வட்டம் போடு."

"நானுங்களா?"

"நீதான்."

போட்டாள். கோணல் வட்டம். அந்த அழகில் ஒரு வட்டம் தன் கைக்கு வந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது. எப்போது கையைக் கட்டிக்கொண்டார் என்று தெரியவில்லை. அவள் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

காகிதத்துக்காகக் கையை நீட்டினார்.

அவள் தரவில்லை.

விரல் ஹாலைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போயிற்று. அங்கே நாலு சுவரையும் ஒருமுறை தடவியது. திரும்பவும் ஒருமுறை.

"இந்தச் சமையல்கட்டுக்கு வாசல் எங்கீங்க?"

அவர் குனிந்து பார்த்தார்.

ஜன்னல் இருந்தது. புகைபோக்கி இருந்தது. அடுப்பு மேடை இருந்தது.

அந்தத் தப்பை அவர் வைக்கவில்லை.